சராசரி 24.37: ஹெட்லி வெரிட்டியின் கணக்கு

மலர்க் குழுவில் இருக்கும் நண்பர் போன் செய்து, ஏதாவது எழுதிக் கொடுடா, ஆபீஸ் விஷயம் மட்டும் வேண்டாம், படிக்கிறவர்கள் பாவம் என்றார். ஆபீஸை விட்டால் எனக்குத் தெரிந்தது கிரிக்கெட் ஸ்கோர் புத்தகம் ஒன்றுதான். நான்கு வருஷ ஹாஸ்டல் வாழ்க்கையில் நான் களத்தில் இறங்கி ஆடியது இரண்டே மேட்ச். இரண்டிலும் சேர்த்து ஐந்து ரன். மீதி நாளெல்லாம் கிரவுண்டு ஓரத்து வேப்பமரத்தடியில் பெஞ்சைப் போட்டுக்கொண்டு, பென்சிலைச் சீவிச் சீவி ஸ்கோர் எழுதியவன் நான். என் பேட்ச்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும்.

அதனால் ஒரு பந்து வீச்சாளரைப் பற்றி எழுதுகிறேன். பெயர் ஹெட்லி வெரிட்டி. இங்கிலாந்துக்காரர், பிராட்மன் காலத்து இடது கை ஸ்பின்னர். இறந்து எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. பழைய கிரிக்கெட் புத்தகங்களைப் புரட்டியவர்களுக்கு ரொம்பப் பழக்கமான பெயர். நம் சேப்பாக்கத்தில் நடந்த முதல் டெஸ்ட் மேட்சில் 11 விக்கெட் எடுத்தவர் என்றால் மற்றவர்களும் நிமிர்ந்து உட்காருவீர்கள். பவுலிங் புள்ளிவிவரத்தை எப்படிப் படிக்கணும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இவருடைய வாழ்க்கைதான். நான் கற்றுக்கொண்டது கொஞ்சம் லேட். அந்தக் கதையைக் கடைசியில் சொல்கிறேன்.

வெரிட்டி 1905 மே 18-ம் தேதி லீட்ஸ் நகரின் ஹெடிங்லி பகுதியில் பிறந்தார். அப்பாவுக்கு நிலக்கரி வியாபாரம். பையனும் பள்ளிக்கூடம் முடிந்ததும் கொஞ்ச நாள் அதில்தான் இருந்தார். மனசு மட்டும் கிரிக்கெட்டில். ஆனால் யார்க்‌ஷயர் டீமில் இடது கை ஸ்பின்னருக்கு இடம் காலி இல்லை. வில்ஃபிரட் ரோட்ஸ் என்ற ஜாம்பவான் 1898 முதல் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தார். முப்பது வருஷம் ஆகியும் எழுந்திருக்கிற வழியாகத் தெரியவில்லை.

வெரிட்டி பக்கத்து மாவட்டமான லாங்கஷயரில் லீக் கிரிக்கெட் ஆடிக்கொண்டு காத்திருந்தார். முதலில் மித வேகம்தான் போட்டார். பெரியவர்கள் சொன்ன புத்தியைக் கேட்டு ஸ்பின்னுக்கு மாறினார். 1928-ல் வார்விக்‌ஷயர் டீமில் செலக்‌ஷனுக்குப் போனார். தேறவில்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

கடைசியில் 1930-ல், 25 வயதில், யார்க்‌ஷயர் கூப்பிட்டது. முதல் சீசனிலேயே 64 விக்கெட், சராசரி 12.42. அந்த வருஷம் இங்கிலாந்தின் பவுலிங் சராசரிப் பட்டியலில் முதல் இடம். ரோட்ஸ் நிம்மதியாக ஓய்வு பெற்றார். அடுத்த வருஷம் மே 18, வெரிட்டியின் 26-வது பிறந்த நாள். அன்று ஒரே இன்னிங்ஸில் பத்து விக்கெட்டையும் 36 ரன்னுக்கு எடுத்தார். எதிரணி யார் தெரியுமா? அதே வார்விக்‌ஷயர்! செலக்‌ஷனில் கோட்டை விட்டவர்கள் அன்று ராத்திரி எப்படிச் சாப்பிட்டார்களோ.

இனி கொஞ்சம் கணக்கு. பயப்பட வேண்டாம், அரியர் வைக்கிற கணக்கு இல்லை.

1932 ஜூலை 12. ஹெடிங்லி மைதானம். நாட்டிங்ஹாம்ஷயரின் இரண்டாவது இன்னிங்ஸ். லஞ்சு வரை வெரிட்டி 9 ஓவர் போட்டார், ஒன்பதும் மெய்டன். விக்கெட் ஒன்றும் விழவில்லை, எதிரணி 38-க்குப் பூஜ்யம். மழையில் நனைந்திருந்த பிட்ச் லஞ்சுக்குப் பிறகு காயக் காயப் பந்து திரும்பி எகிற ஆரம்பித்தது. ஹாட்ரிக் உட்படப் பத்து விக்கெட்டையும் இவரே எடுத்தார். 67 ரன்னுக்கு எல்லாரும் அவுட். ஸ்கோர் புத்தகத்தில் வெரிட்டிக்கு எதிரே எழுதியிருந்தது: 19.4 ஓவர், 16 மெய்டன், 10 ரன், 10 விக்கெட்.

இந்த ஒரு வரியில் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது. கொடுத்த ரன்னை விக்கெட்டால் வகுத்தால் சராசரி. பத்தைப் பத்தால் வகுக்க 1.00. போட்ட பந்தை விக்கெட்டால் வகுத்தால் ஸ்ட்ரைக் ரேட், அதாவது ஒரு விக்கெட்டுக்கு எத்தனை பந்து ஆகிறது என்பது. இங்கேதான் இன்ஜினியர்கள் வழுக்கி விழுவோம். 19.4 என்பது தசமம் இல்லை, 19 ஓவரும் 4 பந்தும். ஆக 118 பந்து. பத்தால் வகுக்க 11.8. மூன்றாவது எகானமி, ஓவருக்கு எத்தனை ரன் என்பது. பத்து ரன்னை 118 பந்தால் வகுத்து ஆறால் பெருக்கினால் 0.51.

மூன்றும் தனித்தனி எண் மாதிரி தெரியும். ஆனால் ஒன்றுக்கொன்று உறவு. ஸ்ட்ரைக் ரேட்டை எகானமியால் பெருக்கி ஆறால் வகுத்தால் சராசரி வந்துவிடும். பேப்பரில் போட்டுப் பாருங்கள். அதாவது சராசரி என்பது இரண்டு குணங்களின் கலவை. விக்கெட் எடுக்கிற வேகம் ஒன்று, ரன்னைக் கட்டுப்படுத்துகிற சாமர்த்தியம் இன்னொன்று. சராசரியை மட்டும் பார்க்கிறவனுக்கு எது எவ்வளவு என்று தெரியாது.

வெரிட்டி 40 டெஸ்ட் ஆடி 144 விக்கெட் எடுத்தார். 11,173 பந்து போட்டு 3,510 ரன் கொடுத்தார். சராசரி 24.37. நம்ம ஊர் அஷ்வின் 2024 டிசம்பரில் ஓய்வு பெற்றபோது 537 விக்கெட், சராசரி 24.00. பார்க்க இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது. உள்ளே பிரித்தால்தான் விஷயம் தெரியும். அஷ்வின் சுமார் 51 பந்துக்கு ஒரு விக்கெட் எடுத்தார், ஓவருக்குக் கிட்டத்தட்ட 2.8 ரன் கொடுத்தார். வெரிட்டிக்கு ஒரு விக்கெட்டுக்கு 77.6 பந்து வேண்டியிருந்தது, ஆனால் ஓவருக்குக் கொடுத்தது 1.88 ரன்தான். வேறு வேறு ரோட்டில் வந்து இரண்டு பேரும் ஒரே ஊரில் இறங்கியிருக்கிறார்கள். இதில் யார் உசத்தி என்று கேட்டால் நான் சொல்ல மாட்டேன். வெரிட்டி காலத்து பேட்ஸ்மேனுக்கு அவசரம் குறைவு, சில நாடுகளில் டெஸ்ட் மேட்சுக்கு நாள் கணக்கே கிடையாது. இன்றைக்கு ஆடுகிறவன் ரிஸ்க் எடுக்கிறான், அதனால் ரன்னும் போகிறது, விக்கெட்டும் விழுகிறது. எண்ணை ஒப்பிடும் முன் காலத்தை ஒப்பிடணும்.

பேட்டிங் சராசரியிலும் இதே மாதிரி ஒரு சூட்சுமம் உண்டு. அதற்கும் வெரிட்டியே உதாரணம். டெஸ்டில் அவர் 44 இன்னிங்ஸில் 669 ரன் எடுத்தார். 669-ஐ 44-ஆல் வகுத்தால் 15 சொச்சம். ஆனால் புத்தகத்தில் இருப்பது 20.90. காரணம், 12 முறை அவுட் ஆகவில்லை. வகுக்க வேண்டியது இன்னிங்ஸால் இல்லை, அவுட் ஆன தடவையால். அவுட் ஆகாதவனின் கணக்கு இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கடைசியில் இறங்கி நாட் அவுட்டாகவே திரும்புகிறவனுக்கு இது ஒரு சலுகை. பேட்டிங் ஸ்ட்ரைக் ரேட் பார்க்கலாமே என்றால், அந்தக் காலத்து மேட்ச் பலவற்றில் யார் எத்தனை பந்து ஆடினார் என்றே எழுதி வைக்கவில்லை. ஸ்கோரர் எழுதாததை எந்தக் கம்ப்யூட்டராலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. ஸ்கோரர்கள் சார்பில் இதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன்.

கதைக்கு வருவோம். 1932-33-ல் ஜார்டின் தலைமையில் ஆஸ்திரேலியா போன டீமில் வெரிட்டி இருந்தார். உடம்பைக் குறிவைத்துப் போட்ட பாடிலைன் தொடர் அது. வேகப்பந்துக்காரர்கள் பெயர் வாங்க, இவர் மறு முனையில் ரன்னை அடைத்துக்கொண்டிருந்தார். ஜார்டின் மேல் இவருக்கு அவ்வளவு மரியாதை. தன் பையன் ஒருவனுக்கு டக்ளஸ் என்று அவர் பெயரையே வைத்தார்.

அதே ஜார்டின் டீமோடுதான் இந்தியாவுக்கும் வந்தார். 1934 பிப்ரவரி 10-ல் சேப்பாக்கத்தின் முதல் டெஸ்ட் ஆரம்பம். முதல் இன்னிங்ஸில் நம் அமர் சிங் 86 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்து இங்கிலாந்தை 335-ல் நிறுத்தினார். பதிலுக்கு வெரிட்டி 49 ரன்னுக்கு 7. இந்தியா 145. இரண்டாவது இன்னிங்ஸில் வெரிட்டிக்கு இன்னும் 4. சி.கே. நாயுடுவின் டீம் 202 ரன்னில் தோற்றது. ஒரே மேட்சில் ஏழு ஏழு விக்கெட் எடுத்த இரண்டு பேர். அமர் சிங்கின் டெஸ்ட் சராசரி 30.64 என்று புத்தகம் சொல்லும். அவர் ஆடியதே ஏழு டெஸ்ட்தான், 1940-ல் 29 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

அதே வருஷம் ஜூனில் லார்ட்ஸ். ஆஸ்திரேலியா சனிக்கிழமை ஆட்டம் முடியும்போது 2 விக்கெட்டுக்கு 192. ஞாயிறு ஓய்வு. இடையில் மழை. திங்கட்கிழமை ஜூன் 25-ம் தேதி ஒரே நாளில் வெரிட்டி 14 விக்கெட் எடுத்தார். மேட்சில் மொத்தம் 104 ரன்னுக்கு 15. பிராட்மன் இரண்டு இன்னிங்ஸிலும் இவரிடமே அவுட். இதற்குப் பிறகு லார்ட்ஸில் ஆஸ்திரேலியாவை ஜெயிக்க இங்கிலாந்து 2009 வரை காத்திருந்தது. பிராட்மனை டெஸ்டில் 8 முறை அவுட் ஆக்கினார் வெரிட்டி. வேறு எந்த பவுலரும் அத்தனை முறை அவரை அனுப்பியதில்லை.

அப்படியானால் மழையில் நனைந்த பிட்ச் கிடைத்தால்தான் ஆள் பெரியவரா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவருடைய ஃபர்ஸ்ட் கிளாஸ் சராசரி 14.90, விக்கெட் 1,956. டெஸ்ட் சராசரி 24.37. நடுவில் கிட்டத்தட்ட ஒன்பதரை ரன் வித்தியாசம். அன்றைக்கு இங்கிலாந்தில் பிட்சை மழைக்கு மூடி வைக்க மாட்டார்கள். ஈரம் காயும்போது ஸ்பின்னருக்குத் தீபாவளி. வெளிநாட்டில் அது எப்போதும் கிடைக்காது. எதிரே ஆடுகிறவர்களும் பொறுக்கி எடுத்த ஆட்கள். ஆகவே 14.90-ம் உண்மை, 24.37-ம் உண்மை. ஒவ்வொன்றுக்கும் டெஸ்ட் கண்டிஷன் வேறு.

பம்ப் கம்பெனியில் வேலை பார்க்கும் நம் நண்பர்களுக்கு இது சட்டென்று புரியும். தகட்டில் எஃபிஷியன்சி என்று போட்டிருப்பது ஒரு குறிப்பிட்ட ஹெட்டுக்கும் டிஸ்சார்ஜுக்கும்தான். அதே பம்பை ஆழமான கிணற்றில் இறக்கிவிட்டு, தகட்டில் எழுதியது வரவில்லையே என்று சண்டை போட்டால் யார் தப்பு?

வெரிட்டியை ரொம்ப ஆழமான கிணற்றில் இறக்கியது 1939 மார்ச்சில், தென்னாப்பிரிக்காவின் டர்பனில். முடிவு தெரிகிற வரை ஆடுவது என்று ஏற்பாடு. பத்து நாள் இழுத்து, கடைசியில் இங்கிலாந்து டீம் கப்பலைப் பிடிக்கணும் என்பதால் டிராவில் விட்டார்கள். பிட்ச் சிமெண்டுத் தரை மாதிரி. வெரிட்டி அந்த ஒரு மேட்சில் 766 பந்து போட்டார். கிடைத்தது நாலே விக்கெட். ஸ்ட்ரைக் ரேட் 191. ஹெடிங்லியில் 11.8 வாங்கிய அதே கைதான். ஆனால் எகானமியைப் பாருங்கள். 766 பந்தில் 184 ரன், ஓவருக்கு ஒன்றரை ரன்கூட இல்லை. விக்கெட் விழுவது பிட்சையும் எதிரியையும் பொறுத்தது. பந்தை நினைத்த இடத்தில் போடுவது தன் கையில் இருப்பது. அதை அவர் பத்து நாளும் விடவில்லை. சராசரிப் பட்டியலில் டர்பன் அவருக்கு ஒரு கறை. எனக்கென்னவோ பத்துக்குப் பத்தை விட இதுதான் பெரிய காரியமாகத் தெரிகிறது.

அவர் ஆடிய பத்து சீசனில் யார்க்‌ஷயர் ஏழு முறை சாம்பியன். 1935, 36, 37 மூன்று வருஷமும் தலா 200 விக்கெட்டுக்கு மேல் எடுத்தார். 1939-ல் 191 விக்கெட், சராசரி 13.13. முதல் சீசனைப் போலவே அந்த சீசனிலும் பட்டியலில் முதல் இடம்.

1939 செப்டம்பர் 1. ஜெர்மனி போலந்துக்குள் புகுந்த நாள். ஹோவ் மைதானத்தில் சசெக்ஸோடு மேட்ச். ஊரெல்லாம் யுத்தப் பேச்சு. வெரிட்டி 6 ஓவர் போட்டு 9 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். அந்த வருஷம் இங்கிலாந்தில் ஓவருக்கு 8 பந்து, ஆக 48 பந்து. சசெக்ஸ் 33-க்கு ஆல் அவுட். மேட்ச் முடிந்து டீம் ஊர் திரும்பியது. அதுதான் அவருடைய கடைசி ஃபர்ஸ்ட் கிளாஸ் மேட்ச். வயது 34.

யுத்தம் வரும் என்று முன்பே நினைத்து ராணுவப் புத்தகங்களைத் தேடிப் படித்திருந்தார். கிரீன் ஹோவர்ட்ஸ் என்ற படைப்பிரிவில் சேர்ந்து கேப்டன் ஆனார். 1942-ல் மறுபடி இந்தியா வந்தார், இந்தத் தடவை ராணுவ உடையில், ராஞ்சிக்கு. அங்கே வயிற்றுக்கடுப்பு வந்து கஷ்டப்பட்டார். பிறகு பாரசீகம், சிரியா, எகிப்து. 1943 ஜூலையில் சிசிலித் தீவு. 19-ம் தேதி ராத்திரி கட்டானியா சமவெளியில் தாக்குதல். எதிரியின் குண்டுகளில் பயிர் பற்றி எரிய, அதன் நடுவே தன் ஆட்களை நடத்திப் போனவருக்கு நெஞ்சில் காயம். தன்னை விட்டுவிட்டு முன்னேறச் சொன்னார். ஜெர்மானியர் கைதியாகப் பிடித்து இத்தாலிக்குக் கொண்டுபோனார்கள். ஆபரேஷன் செய்தும் பிழைக்கவில்லை. ஜூலை 31-ல் கேசெர்ட்டாவில் இறந்தார். வயது 38. அங்கேதான் அடக்கம்.

ரோட்ஸ் 52 வயது வரை ஆடினார். வெரிட்டி 34-ல் நின்றுபோனார். 144 என்ற எண்ணை நான் பார்க்கும்போதெல்லாம், பக்கத்தில் நாட் அவுட் என்று ஒரு நட்சத்திரக் குறி போடணும் போல இருக்கும். பவுலருக்கு அந்தக் குறி கிடையாது.

இப்போது என் கதை. ஃபைனல் இயர். காலேஜ்களுக்கு இடையிலான போட்டியில் நாம் செமி ஃபைனலுக்கு வந்திருந்தோம். ஸ்பின்னருக்கு ஒரே இடம். கேப்டன் என்னிடம் சராசரிப் பட்டியல் கேட்டார். நானும் கால்குலேட்டரைத் தட்டி அழகாக எழுதிக் கொடுத்தேன். ஒரு ஆஃப் ஸ்பின்னருக்கு 16. நம் இடது கை ஸ்பின்னருக்கு 31. இடது கைக்காரன் வெளியே. ஆட்சேபணை எதுவும் சொல்லவில்லை. அன்றைக்கு டிரிங்க்ஸ் தூக்கிக்கொண்டு வந்து எனக்கும் ஒரு கிளாஸ் கொடுத்துவிட்டுப் போனான். மேட்ச் தோற்றோம். அவன் ஆடியிருந்தால் ஜெயித்திருப்போம் என்று சொல்ல வரவில்லை. அது யாருக்கும் தெரியாது.

எனக்குத் தெரிந்தது வேறு. 16 வாங்கியவன் அந்த சீசனில் எடுத்ததே ஏழு விக்கெட். அதில் ஐந்து, பத்தாவது பதினோராவது ஆட்கள். 31 வாங்கியவன் பிட்ச் தட்டையாக இருந்த நாளிலெல்லாம், எதிர்க்காற்றில், நல்ல பேட்ஸ்மேனுக்கு எதிராக மணிக்கணக்கில் போட்டவன். ஒவ்வொரு பந்தையும் புள்ளி வைத்து எழுதியவன் நான்தானே. மொத்த விவரமும் என் மடியில் இருந்தது. கேட்டது ஒரு எண், கொடுத்தது ஒரு எண் என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பல வருஷம் கழித்து ஒரு ராத்திரி, டர்பன் மேட்ச் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது அந்த டிரிங்க்ஸ் கிளாஸ் ஞாபகம் வந்தது. பரணிலிருந்து ஸ்கோர் புத்தகத்தை இறக்கி, முதல் ஆறு பேட்ஸ்மேன்களை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருக்கும் புதிதாகக் கணக்குப் போட்டேன். இடது கைக்காரனுக்கு 33. மற்றவனுக்கு முதல் ஆறில் கிடைத்தது ஒரே விக்கெட், அதற்கு 58 ரன். ஓவருக்கு இவன் கொடுத்தது அவனில் பாதி.

இந்த ரீயூனியனுக்கு வருகிறவர்கள் லிஸ்டில் அவன் பெயரைப் பார்த்தேன். இப்போது அவனுக்கும் தலை நரைக்க ஆரம்பித்திருக்கும். பந்து போட்டு எத்தனை வருஷமோ. அந்தப் புத்தகத்தையும் நான் போட்ட கணக்கையும் பையில் வைத்துக்கொண்டுதான் வருகிறேன். முதல் நாள் டிபன் நேரத்தில் அவன் பக்கத்தில் எனக்கு ஒரு நாற்காலி பிடித்து வைத்தால் புண்ணியமாகப் போகும்.